வெயில் ஏறுமுன் நாலு பட்டை

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் கூட்டாளி ஒருவன், எட்டு வருசத்துக்கு முன்னால் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது ஒரு யோசனை சொன்னான். அங்கே அக்டோபரில் நண்பர்கள் சேர்ந்து ஒரே சாயங்காலத்தில் நாலைந்து கடை ஏறி இறங்கி, அந்தப் பருவத்துக்கென்றே வரும் பீரைக் கடைக்கு ஒரு கோப்பையாக ருசி பார்ப்பார்களாம். நம்ம ஊரிலும் அப்படிப் போகலாமா என்றான். திருநெல்வேலியில் பருவத்துக்கு ஒரு பீர் கிடையாது. ஆனால் தாமிரபரணிக்கு இரு பக்கமும் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிற ஒன்று இருக்கிறது. பதனி. எழுத்தில் பதநீர், நாகர்கோவில் பக்கம் அக்கானி. "ஐப்பசியில மழைதான் இருக்கும் மக்கா, பங்குனியில வா" என்றேன். வந்தான். அன்றிலிருந்து வருசம் தவறாமல் ஆறேழு பேர் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

முதல் வருசம் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தோம். நிதானமாக இட்லி சாப்பிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, திருச்செந்தூர் ரோட்டில் செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு பனை நிழலில் குடத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் முன்னால் வண்டியை நிறுத்தும்போது மணி 11. அவர் எங்களைப் பார்த்ததும் குடத்தின் வாயை ஓலையால் மூடினார். "வெயில் ஏறிட்டு தம்பி. இனி இது குடிக்க ஆகாது. நாளைக்கு வெள்ளன வாங்க." நாங்கள் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று வற்புறுத்தி வாங்கிக் குடித்தோம். நாக்கில் சுருக்கென்று புளிப்பு. மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கு வயிறு கலங்கிவிட்டது.

அந்தப் பெரியவர் சொன்னதன் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது. சீவிய பாளையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். பாளையிலிருந்து சொட்டுகிற நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போலச் சர்க்கரை உண்டு. சும்மா விட்டால் சில மணி நேரத்தில் தானாகவே நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு அதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வெயில் ஏற ஏற அதன் பிடியும் தளரும்.

பெங்களூர்க் கூட்டாளி பவேரியாவின் மார்ச் பீரைப் பற்றிச் சொல்லுவான். அங்கே 1553-இல் ஒரு சட்டம் வந்தது. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. ஆகவே மார்ச்சில் காய்ச்சியதைக் குளிர்ந்த நிலவறையில் வைத்திருந்து கோடை முழுக்கவும் அக்டோபர் வரையிலும் குடித்தார்கள். அதன் பெயரே மெர்ட்சன், மார்ச் மாதத்துடையது. அவர்களுக்கு ஆறு மாதம் காத்திருக்கிற குடி. நமக்கோ ராத்திரி கட்டிய கலயம் காலை எட்டரைக்குள் தீர்ந்துவிட வேண்டும். எங்கள் திட்டம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

எனவே காலை 5 மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். முந்தின ராத்திரி ஒருத்தர் வீட்டிலேயே எல்லாரும் படுத்துக்கொள்வது நல்லது. ஆளாளுக்குப் போய் எழுப்பி ஏற்றினால் ஒரு மணி நேரம் போய்விடும். முதல் நாள் கோடைமழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கலயத்தில் மழைத்தண்ணீர் விழுந்து பதனி சப்பென்றிருக்கும். மாசிக் கடைசியில் பதனி வரத் தொடங்கும். ஆனி வரை கிடைக்கும். என் நாக்குக்குப் பங்குனிப் பதனிதான்.

முன்கூட்டியே சொல்லி வைப்பது இன்னும் முக்கியம். பனையேறிக்கு நம்மைப் போல வழியில் வருகிறவர்கள் ஒரு பொருட்டில்லை. அவர் இறக்குவதில் பெரும்பகுதி கருப்பட்டி காய்ச்சப் போகிறது. எட்டுப் பத்து லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அதற்காக அவர் தளைநாரைக் காலில் மாட்டி, அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டி, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம் ஏறுகிறார். அதுவும் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஒருநாள் பாளை சீவாமல் விட்டால் மரம் நீர் கொடுப்பதைக் குறைத்துவிடும் என்பதால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஓலைப்பட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி ஒருவன் பேரம் பேசியபோது நான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அந்த உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர்களை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்தவர்களால் பேரம் பேச முடியாது.

எங்களுக்கு நாலு நிறுத்தம் போதும். ஆறு மணிக்குக் கிருஷ்ணாபுரம் பக்கம் முதல் பட்டை. வெறும் வயிற்றில், வேறெதுவும் சேர்க்காமல். அடுத்தது கருங்குளம், அதற்கடுத்தது ஆழ்வார்திருநகரி. அங்கிருந்து நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் வழியாக உடன்குடி. ஆற்றை ஒட்டிய வயல்வரப்புப் பனையிலிருந்து செம்மண் தேரிப் பனைக்கு வந்துசேரும் இந்த வழியில் ருசி மாறுவதை ஒவ்வொரு வருசமும் உணர்கிறேன். வரப்புப் பனையின் நீர் இளசாக, லேசாக இருக்கும். தேரிப் பதனியில் இனிப்பு அழுத்தமாக நாக்கில் நிற்கும். கூட வருகிறவர்களில் பாதிப் பேர் எனக்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். அந்தச் சண்டை கருங்குளத்திலிருந்து உடன்குடி வரை வண்டிக்குள் ஓடும்.

ஓலைப்பட்டையில்தான் குடிக்க வேண்டும். பச்சை ஓலையின் வாசம் பதனியோடு சேர்ந்து வருவது பிளாஸ்டிக் டம்ளரில் வராது. வாயில் வைத்ததும் சுண்ணாம்பு காரமாக ஏறினால் தடவியது கூடிவிட்டது என்று அர்த்தம். அடியில் தெளியும்வரை கொஞ்சம் பொறுத்துக் குடிக்கலாம். குடித்து முடித்து வெகுநேரம் கழித்தும் தொண்டையில் பொய்யான தித்திப்பு நின்றால் சாக்கரின் கலந்த தண்ணீர். இறக்குகிற இடத்திலேயே குடித்தால் இந்தச் சந்தேகமே வராது. நுங்கை மூன்றாவது நிறுத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முன்னாலேயே போட்டால் பதனியின் ருசி தெரியாது. பதனிக்குச் சீவிய பாளை காய்க்காது. நுங்குக்கு வேறு பாளையைச் சீவாமல் விட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே பட்டையில் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

இடையிடையே வாயை மாற்ற அவித்த கடலை போதும். நாலு பட்டைக்கு மேல் யாரும் குடிக்க வேண்டாம், வயிறு இளகிவிடும். எங்களில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் நிறுத்தத்துக்கு இரண்டு மடக்கு ருசி பார்ப்பதோடு சரி. வீட்டுக்கென்று பாட்டிலில் இறுக மூடி எடுத்துவராதீர்கள். மூன்றாம் வருசம் அப்படி எடுத்துவந்த பாட்டில் வண்டிக்குள்ளேயே மூடி தெறித்து, சீட்டெல்லாம் நனைந்தது.

கூட வருகிற யாராவது குசுகுசுவென்று "கள் கிடைக்குமா அண்ணாச்சி" என்று கேட்பார்கள். கேட்க விடாதீர்கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. நாம் குடித்துவிட்டு வண்டி ஏறிவிடுவோம், வழக்கு மரம் ஏறுகிறவர் மேல்தான் விழும். அந்தத் தடை சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் அதை அவருடைய பனையடியில் நின்று சோதித்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை.

உடன்குடியில் கடைசிப் பட்டையை முடித்துவிட்டு ஒன்பது மணிவாக்கில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குப் போனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஓலை வேய்ந்த அந்தக் கொட்டகைக்குள் புகையும் தித்திப்பும் கலந்த வாசம் சட்டையில் ஏறி ரெண்டு நாள் போகாது. பெரிய பாத்திரத்தில் பதனி பொங்கி வழியப்போகும்போது அங்கே காய்ச்சுகிற அம்மா ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார். நுரை அப்படியே அடங்கும். இறுகி வருகிற கூப்பனியைச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுப்பதற்கு முன்னால், எங்களுக்கென்று ஒரு கரண்டி தனியாக எடுத்து ஓலையில் ஊற்றித் தருவார். ஊதி ஊதிச் சாப்பிட வேண்டும். ஆளுக்கு இரண்டு கிலோ கருப்பட்டி அங்கேயே வாங்கிக்கொள்கிறோம். அவர் கைப்படக் காய்ச்சுவதைப் பார்த்த பிறகு சீனி கலந்ததா என்று கேட்க வேண்டியதில்லை.

போன வருசம் கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார். "ஆவணியில பனம்பழம் விழும், சுட்டுத் தாரேன், வாங்க தம்பி" என்றார். போனோம். பெங்களூர்க்காரன் மட்டும் லீவு கிடைக்காமல் வரவில்லை. இந்தப் பங்குனிக்கு அவன் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான். கிருஷ்ணாபுரத்து அண்ணாச்சியிடம் ஏழு பட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.