பனி வில்லோவை நம்பி ஒரு பட்டாம்பூச்சி

அன்புள்ள மலர்விழிக்கு,

பட்டாம்பூச்சிகளைப் பற்றி எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு பட்டாம்பூச்சியின் புழு எந்தச் செடியைத் தின்கிறது என்று முதலில் பார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் வான் மலைகளில் வாழும் அன்கம்பாக்ரே ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சி இதற்கு அருமையான உதாரணம்.

சிறகு விரித்தால் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். துருநிறத்தில் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சிறகை மூடி உட்காரும்போது பின்சிறகின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உட்பாதி செம்பழுப்பு, வெளிப்பாதி ஊதா கலந்த சாம்பல். நடுவே ரம்பப் பல்லைப் போல ஒரு வெள்ளைப் பட்டை!

1978 ஜூலையில், அன்கம்பாக்ரே சிகரச் சரிவில் இதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். 4,300 மீட்டருக்கும் உயர்ந்த சிகரம் அது. அங்கே பாறையும் சரளைக் கற்களும்தான், மரம் கிடையாது. ஆனால் பனி வில்லோ உண்டு. வில்லோ என்றதும் பெரிய மரத்தை நினைத்துவிடாதே. தரையோடு படர்ந்து, சில சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாத குட்டிச் செடி இது. பெண் பூச்சி முட்டையிடுவது இதை நாடித்தான். புழுவுக்கு இதன் இலைதான் சாப்பாடு.

பனி வில்லோ வளரும் இடமெல்லாம் இந்தப் பூச்சி இருப்பதில்லை. வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் வெயில் குறைவு. பனி மெல்ல உருகி, மண்ணில் ஈரம் நெடுநாள் நிற்கும். அந்தக் குளிர்ந்த திட்டுகளைத்தான் இது தேடுகிறது.

கோடையோ மிகக் குறுகியது. ஒரே கோடையில் வளர்ந்து முடிக்க முடியாததால், இந்த ஆண்டு இட்ட முட்டை அடுத்த ஆண்டைப் புழுவாகவே கழித்து, அதற்கடுத்த ஆண்டுதான் சிறகு முளைத்துப் பறக்கும். ஆகவே இரட்டைப்படை ஆண்டுகளில் பறப்பவை ஒரு கூட்டம், ஒற்றைப்படை ஆண்டுகளில் பறப்பவை இன்னொரு கூட்டம்.

1991இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. சேகரிப்பாளர்களின் வலை ஓர் ஆபத்து. ஆடுகளின் குளம்பும் மலையேறுவோரின் காலடியும் வில்லோவை மிதித்துச் சிதைக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை வெப்பம். கீழ்ச்சரிவில் வாழும் உயிர்கள் சூடு தாங்காமல் மேலே ஏறலாம். ஏற்கெனவே உச்சிக்கு அருகில் வாழும் இதற்கு ஏறிப்போக மலை அதிகம் மிச்சமில்லை.

உன் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள். புழுவின் செடி, வாழும் உயரம், பறக்கும் காலம். முதல் வரிசையில் இதை எழுது: பனி வில்லோ, 3,600 மீட்டருக்கு மேல், ஜூன் இறுதி முதல் ஆகஸ்ட் வரை. அடுத்த வரிசைக்கு உரிய பூச்சியை நீயே தேர்ந்தெடுத்து, கண்டதை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா