செவிப்பேசியைத் தேர்ந்தெடுத்தல்

நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் மாணவர்களுக்கு இயங்கலைப் பாடம் இன்று புதிதன்று. ‘ஹெட்போன்’ எனப்படும் செவிப்பேசி அதற்குத் துணைபுரிகிறது. 2025ஆம் ஆண்டில் மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்த ஊதியம் பெறும் தொழிலாளிக்கு 60 ரிங்கிட் செவிப்பேசி ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பாகும். எனவே, அதனை ஆராய்ந்து வாங்க வேண்டும்.

முதலில் ஒலித்தரத்தைச் சோதிக்க வேண்டும். நன்கு பழகிய பாடல் ஒன்றைக் கேட்கலாம். உறுமியின் முழக்கம் பாடகரின் குரலை மூழ்கடித்தால், அக்கருவி பாடம் கேட்க ஏற்றதன்று. மலிவான செவிப்பேசிகள் பலவற்றில் தாழ்ந்த ஒலி மிகுதியாக ஒலிக்கும். அதனைத் தெளிவு எனக் கருதக்கூடாது. பேச்சைக் கேட்கும்போது ‘வலி’, ‘வளி’, ‘வழி’ ஆகிய சொற்கள் வேறுபட்டு ஒலிக்க வேண்டும். இரு பக்கங்களிலும் ஒலி சமமாக இருத்தலும் அவசியம்.

அடுத்து, கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். கம்பி பெரும்பாலும் செருகியை ஒட்டிய இடத்திலேயே அறுந்துபோகும். ஆகவே, அங்கு வளைந்து கொடுக்கும் ரப்பர் உறை இருக்க வேண்டும். தலைப்பட்டையை மெல்ல விரித்துவிட்டால், அது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். காது மெத்தை நன்கு பொருந்தினால் வெளி இரைச்சல் குறையும். ஒலியைக் கூட்டிவைக்கும் தேவையும் குறையும்.

இது செவிநலத்தைக் காக்கும். சிறுவர்கள் 75 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குமேல் கேட்கக்கூடாது என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பழுதான செவிப்பேசிக்குப் பதில் வேறொன்றை வாங்கலாம். ஆனால், உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.