ஒரு நாளைக்கு ஐந்து வசனம்

சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மாதங்களில், எங்கள் ஒழுங்கையிலுள்ள ஆறு தங்கைமாருக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் தரம் 6, 7 மாணவிகள். முதல் நாள் ‘எனது செல்லப்பிராணி’ என்று எழுதச் சொன்னேன். ஆறு கொப்பியிலும் ஒரே முயல். அதே வெள்ளை நிறம், அதே கரட். எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டிலும் முயல் இல்லை. ஆடு உண்டு, கோழி உண்டு. வாசலுக்கு வெளியே மன்னார்க் கழுதைகள் நிற்கின்றன. பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததையே எல்லாரும் எழுதியிருந்தார்கள்.

“இன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்” என்றேன். ஒரு தங்கை பத்து வரி எழுதினாள். வாப்பா கடலுக்குப் போனது, வலையில் நண்டு பட்டது, உம்மா அதை ஆக்கியது எல்லாம் அதில் இருந்தன. நான் சிவப்புப் பேனையால் இருபத்திரண்டு பிழைகளைத் திருத்திப் பெருமையோடு கொடுத்தேன். மறுநாள் அவள் மூன்று வரிதான் எழுதினாள். அதற்கடுத்த நாள் திரும்பவும் முயல் வந்தது.

அந்த முயல் வசனங்களில் பிழை இல்லை. ஆனால் அவளுடைய சொந்த வசனம் ஒன்றுகூட இல்லை. நான் செய்த பிழை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவளுடைய பழைய பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டும் நான்கே வகைக்குள் அடங்கின. அவற்றில் மூன்று எங்கள் தமிழிலிருந்து வந்தவை.

முதலாவது, சொல்லின் இடம். ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என்பதில் வினை கடைசியில் நிற்கிறது. அதே ஒழுங்கில் எழுதினால் ‘ஐ ரைஸ் ஈட்’ என்று வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வரவேண்டும்: ‘ஐ ஈட் ரைஸ்’.

இரண்டாவது, வினையின் முடிவு. போகிறேன், போகிறாய், போகிறாள் என்று தமிழில் ஆளுக்கேற்ப வினை மாறும். ஆங்கில நிகழ்காலத்தில் ஐ, யூ, வீ, தே எல்லாவற்றுக்கும் ‘கோ’தான். ஹீ, ஷீ, இட் வரும்போது மட்டும் ‘கோஸ்’. இதை மறந்துதான் ‘மை ஃபாதர் கோ’ என்று எழுதுகிறோம்.

மூன்றாவது, பெயருக்கு முன் வரும் சிறு சொல். ‘நண்டு பிடித்தார்’ என்றால் தமிழில் போதும். ஆங்கிலத்தில் ஒரு நண்டை முதன்முதல் சொல்லும்போது ‘எ க்ராப்’ என்றும், அதே நண்டைத் திரும்பச் சொல்லும்போது ‘த க்ராப்’ என்றும் எழுதவேண்டும்.

நான்காவது, இறந்தகாலம். ‘யெஸ்டர்டே’ என்று தொடங்கிவிட்டு ‘கோ’ என்றே எழுதுவது. ‘வென்ட்’, ‘கேம்’, ‘ஈட்’டுக்கு ‘ஏட்’ போன்றவற்றைப் பழகித்தான் ஆகவேண்டும்.

இதன் பிறகு எங்கள் வகுப்பை மாற்றினேன். ஒரு நாளைக்கு ஐந்து வசனம் மட்டும். அவை அன்று கண்டது, கேட்டது, செய்ததாக இருக்கவேண்டும். ஒரு கிழமைக்கு ஒரு வகைப் பிழையை மட்டுமே பார்ப்போம். மற்றவற்றை அந்தக் கிழமை தொடுவதில்லை. பிழை உள்ள வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடுவேன். என்ன பிழை என்று அவளே கண்டுபிடித்து, அந்தச் சொல்லை மட்டுமல்லாமல் முழு வசனத்தையும் திரும்ப எழுதுவாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘என் பிழைகள்’ என்று குறித்துக்கொள்வாள். எழுதத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருதரம் வாசிப்பது எங்கள் வழக்கமாயிற்று.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். என் உம்மா 1990 ஒக்டோபரில் சிறு பிள்ளையாக மன்னாரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதி முகாமிலிருந்து படித்தவர். “எனக்கு இங்கிலீஷ் வராது” என்பார். ஆனாலும் விறாந்தையில் இருந்துகொண்டு, “மகள், இதில என்ன எழுதியிருக்கு? தமிழில சொல்லு பாப்பம்” என்று பிள்ளைகளைக் கேட்பார். “நேற்று வாப்பா கடலுக்குப் போனார்” என்று சொல்லும்போதே, தான் ‘கோ’ என்று எழுதியிருப்பது அந்தத் தங்கைக்குத் தெரிந்துவிடும். உம்மா ஓர் எழுத்தையும் திருத்தவில்லை, கேட்டார், அவ்வளவுதான். ஆங்கிலம் தெரியாத பெற்றோர் எல்லாராலும் இதைச் செய்யமுடியும்.

இப்போது நான் உயர்தர வகுப்பில் இருக்கிறேன். பொது ஆங்கிலப் பெறுபேறு பெரும்பாலும் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்பதால் எங்களில் பலர் அந்தப் பாடத்தைக் கவனிப்பதில்லை. ஆனால் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குப் போனால் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். அங்கே மனப்பாடம் செய்த முயல் உதவாது.

நண்டைப் பற்றி எழுதிய தங்கை இப்போது ஒரு பக்கம் எழுதுகிறாள். பிழைகள் இன்னும் இருக்கின்றன. சென்ற கிழமை அவளே பென்சிலை என்னிடம் நீட்டி, “ராத்தா, இந்தக் கிழமை எந்தப் பிழை?” என்று கேட்டாள்.

தங்கைமாரே, இன்றிரவு ஐந்து வசனம் எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஆடு இருந்தால் ஆட்டைப் பற்றியே எழுதுங்கள்.