அன்றாடத் திறனை மதிப்பிடல்

சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா ஆகியோர் வகுத்த மதராஸ் வளர்ச்சித் திட்ட முறை, வளர்ச்சிக் குறையுடையோருக்கு உண்ணல், உடுத்தல், பணம், நேரம் முதலிய 18 துறைகளில் 360 செயல்களைத் தருகின்றது. செய்கிறார், செய்வதில்லை என இரண்டே குறிகள். செய்யாதவற்றினின்றே பயிற்சிப் பாடம் தேர்ந்தெடுக்கப்படும். ஆதலின் குறி பிழைத்தால், இளைஞர் முன்னரே அறிந்ததைக் கற்பிப்பதில் ஓராண்டு வீணாகக் கழியும்.

கோலார் தங்கவயலைச் சார்ந்த ஊரிகத்தில் பல வீடுகளில் தமிழும், அலுவலகங்களில் கன்னடமும் வழங்குகின்றன. எனவே வினா எம்மொழியில் கேட்கப்பெற்றது என்பதையும் குறித்தல் வேண்டும்.

ஊரிகத்தினின்று பங்காரப்பேட்டைக்குச் சீட்டுப் பெற்று ரயிலேறும் திறனை மேசையருகே அமர்ந்து வினவி அறிய இயலாது. உடன் சென்று, பணத்தை இளைஞர் கையிலேயே கொடுத்துக் காண்க. தாயார் முந்திக்கொண்டு பணத்தை நீட்டுவாராயின் (பெரும்பாலும் நீட்டுவார்), அன்று குறியிடாது மற்றொரு நாள் செல்க.