இ.ஜி.ஆர். வால்வை மாற்றுமுன் மின்னிணைப்பைச் சோதியுங்கள்

புழல், சோழவரம், மீஞ்சூர் வட்டாரங்களில் கீரை, கத்தரி, வெண்டை பயிரிடும் உழவர்களில் சிலர், விளைச்சலைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுசெல்ல டீசல் வண்டி வைத்துள்ளனர். விடியற்காலைச் சந்தையைத் தவறவிட்ட கீரைக்கு விலை கிடைப்பதில்லை. ஆகவே வண்டியின் இழுவை குறைந்து எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும், அவசரத்தில் இ.ஜி.ஆர். வால்வையே மாற்றிவிடுகின்றனர். பல ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புது வால்வு பூட்டிய பின்னும் விளக்கு அணையாதிருப்பதுண்டு. பழுது வால்வில் இல்லாமல் ஒயரிலோ கனெக்டரிலோ இருப்பதே இதற்குக் காரணம்.

வால்வின் பணி

அடுப்பில் தீ மிஞ்சினால் விறகைப் பின்னுக்கு இழுத்து அனலைத் தணிக்கிறோம். அதுபோல, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பி எரிவெப்பத்தைக் குறைப்பதே இவ்வால்வின் பணி. வெப்பம் மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். இவை நுரையீரலுக்குக் கேடு. வெயிலில் இவற்றிலிருந்து உருவாகும் ஓசோன் பயிரின் இலைகளையும் தாக்கி விளைச்சலைக் குறைக்கும்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகளான பி.எஸ். 4 நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், பி.எஸ். 6 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. எண்ணூரில் ஆலை கொண்ட அசோக் லேலண்ட் நிறுவனமும் 2017இல் தன் பி.எஸ். 4 எஞ்சின்களில் இம்முறையைக் கையாண்டது. கார்களிலும் சிறு சுமை வண்டிகளிலும் இன்று இவ்வால்வைப் பெரும்பாலும் சிறு மின் மோட்டார் இயக்குகிறது. அது எவ்வளவு திறந்துள்ளது என்பதை ஒரு சென்சார் எஞ்சின் கணினிக்குத் தெரிவிக்கிறது.

முதலில் குறியீடு

பேட்டரியைக் கழற்றுமுன் பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பழுதுக் குறியீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றினால் குறியீடு அழிந்துவிடக்கூடும்.

பி 0401: புகை ஓட்டம் போதவில்லை. பெரும்பாலும் கரி அடைப்பு.
பி 0403: வால்வை இயக்கும் மின்சுற்றில் பழுது.
பி 0404: வால்வு சொன்னபடி அசையவில்லை. கரியாகவோ மின்பழுதாகவோ இருக்கலாம்.
பி 0405, பி 0406: சென்சார் குறிகை மிகக் குறைவு, மிக அதிகம்.

முதல் குறியீட்டுக்குக் கரியைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். மற்றவற்றுக்குப் பின்வரும் சோதனைகளை வரிசையாகச் செய்தல் நல்லது.

சோதிக்கும் முறை

பம்புசெட்டுக்காக வைத்திருக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரே இதற்குப் போதும். கணினிக்குச் செல்லும் ஒயர்களில் பல்பு வைத்துச் சோதிக்கக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும்.

1. பேட்டரி: எஞ்சின் நின்றிருக்கையில் ஏறத்தாழ 12.5 வோல்ட், ஓடுகையில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். பியூஸையும் பார்த்துவிட வேண்டும்.

2. கனெக்டர்: சாவியை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். பச்சைக் களிம்பு, ஈரம், வளைந்த பின், எலி கடித்த ஒயர் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும் களிம்பு பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். மின்னிணைப்புக்கான கிளீனர் தெளித்து உலரவிட வேண்டும்.

3. சென்சாருக்கு வரும் மின்சாரம்: ஐந்து பின் கொண்ட கனெக்டரில் பொதுவாக இரண்டு மோட்டாருக்கும் மூன்று சென்சாருக்கும் உரியவை. எது எதற்கு என்பதைப் பழுதுநீக்கக் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும். கனெக்டர் கழன்ற நிலையில் சாவியைப் போட்டால், சென்சாரின் மின் ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் இடையே 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் குறை வால்வில் இல்லை. ஒயரில் இருக்கலாம், அல்லது அதே 5 வோல்ட்டில் இயங்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

4. குறிகை: கனெக்டரை மாட்டி, அதன் பின்புறமிருந்து மெல்லிய முனையால் அளக்க வேண்டும். ஒயரைக் குத்தித் துளைக்கக் கூடாது. வால்வு மூடியிருக்கையில் பலவற்றில் 1 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஒயரை அசைக்கும்போது அளவு துள்ளினால் உள்ளே கம்பி அறுந்துள்ளது என்று அறியலாம். சில புதிய மாடல்களில் இதை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும்.

5. மோட்டார்: சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, வால்விலுள்ள மோட்டார் பின்கள் இரண்டுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். சில ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. அப்போது வால்வை மாற்றுவது சரியே.

அடைத்துவிடாதீர்கள்

தகடு வைத்து வால்வை அடைத்துவிட்டால் செலவு மிச்சம் என்று சிலர் சொல்வதை ஏற்க வேண்டாம். கணினி அதைக் கண்டுபிடித்து மீண்டும் இழுவையைக் குறைக்கக்கூடும். புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சரிசெய்த பின் ஸ்கேனரில் குறியீட்டை அழித்து, சுமையுடன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, குறியீடு திரும்ப வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பட்டறைக்குப் போகும்போது மீட்டரில் கண்ட அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், மெக்கானிக்கின் வேலை சுருங்கும். தேவையற்ற வால்வுச் செலவையும் தவிர்க்கலாம்.