யூரிக் அமிலமும் கௌட் மூட்டு நோயும்: பருப்பை விலக்கினால் போதுமா?

இரவு உறங்கச் செல்லும்போது உடலில் எந்தக் குறையும் இல்லை. விடியற்காலை இரண்டு மணிக்குக் கால் பெருவிரலின் அடிமூட்டில் தாங்க முடியாத வலி. மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது. போர்வை பட்டாலும் பொறுக்க முடிவதில்லை. சுளுக்கு என்று எண்ணி வீட்டார் தைலம் தேய்க்க, வலி மேலும் கூடுகிறது. கௌட் எனப்படும் யூரிக் அமில மூட்டு நோய் பெரும்பாலும் இவ்வாறுதான் தொடங்குகிறது. ஓரிரு வாரங்களில் மருந்து இல்லாமலேயே கூட அது தணிந்துவிடலாம். அதனாலேயே பலர் அதனை மறந்தும் விடுகின்றனர்.

இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கூடுதல் என்று அறிந்தவுடன், எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் பலரும் சாம்பாரையும் கீரையையும் நிறுத்திவிட்டே வருகின்றனர். குளிர்பானமும் வார இறுதி பீரும் மட்டும் தொடர்கின்றன. வேறு சிலர், உணவுக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இவ்விரண்டு தவறுகளையும் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

நம் உடலணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் பியூரின் என்னும் பொருள் உள்ளது. அது சிதையும்போது உண்டாகும் கழிவே யூரிக் அமிலம். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலுக்குள்ளேயே உருவாகிறது. உணவின் வழியே வருவது ஏறத்தாழ ஒரு பங்குதான். இக்கழிவின் பெரும்பகுதியைச் சிறுநீரகங்களும், எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. கௌட் நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் இதனைப் போதிய அளவு வெளியேற்றாமையே முதன்மைக் காரணம். இத்தன்மை பெரிதும் பரம்பரையாக வருவது. ஆகவே, நோயாளியை வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று வீட்டார் கடிந்துகொள்வது முறையன்று.

இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமுக்கு மேல் யூரிக் அமிலம் உயர்ந்தால், அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கலாம். உடலின் குளிர்ந்த பகுதிகளில் இது எளிதில் நிகழ்வதால் கால் பெருவிரல் முதலில் தாக்கப்படுகிறது. அளவு கூடியிருக்கும் எல்லோருக்கும் கௌட் வருவதில்லை. வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவருக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. மாறாக, வலி உச்சத்தில் இருக்கும்போது பரிசோதனை இயல்பான அளவைக் காட்டக்கூடும். அவ்வாறாயின் வலி தணிந்து இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

பருப்பும் கீரையும் குற்றவாளிகள் அல்ல

அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. இறைச்சியும் கடல் உணவும் மிகுதியாக உண்டவர்களுக்குக் கௌட் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகளை உண்டவர்களுக்கு அவ்வாறு கூடவில்லை. பாலும் பால்பொருள்களும், குறிப்பாகக் கொழுப்பு குறைந்தவை, அவ்வாய்ப்பைக் குறைத்தன. ஆகவே சாம்பார், சுண்டல், கீரைக் கூட்டு ஆகியவற்றை வழக்கமான அளவில் உண்ணலாம். சைவ உணவு உண்போர் பருப்பையும் விலக்கிவிட்டால் புரதத்துக்கு எங்கே செல்வது?

உண்மையில் குறைக்க வேண்டியவை

• ஈரல், சுவரொட்டி, மூளை, குடல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஆட்டிறைச்சியை அளவோடு உண்ணவும்.

• மூட்டு வலிக்கு நல்லது என்று வீட்டார் அன்போடு வைத்துத் தரும் ஆட்டுக்கால் சூப்பும் எலும்பு ரசமும் இந்நோய்க்கு ஏற்றவை அல்ல. இறைச்சியைக் கொதிக்க வைக்கும்போது பியூரின் நீரில் இறங்கிவிடுகிறது.

• நெத்திலி, மத்தி, இறால், கருவாடு ஆகியவற்றைக் குறைக்கவும். பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கும் குடும்பங்கள் மீனை அறவே விட வேண்டியதில்லை. வாரம் ஓரிரு முறை, குறைந்த அளவு போதும்.

• மதுவகைகளுள் பீர் மிகவும் கேடு தருவது. மற்ற மதுவகைகளும் பாதுகாப்பானவை அல்ல.

• சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களும் பழச்சாறுகளும் பலர் அறியாத காரணங்கள். இவற்றிலுள்ள பிரக்டோஸ் உடலுக்குள்ளேயே யூரிக் அமிலத்தைப் பெருக்குகிறது. தியாகராய நகரில் வெயிலில் கடை கடையாக அலைந்தபின் அருந்தும் பெரிய கோப்பை பழச்சாற்றை விட, ஒரு முழுப் பழமும் நீரும் நல்லவை.

கடைப்பிடிக்க வேண்டியவை

பங்குனியில் அறுபத்து மூவர் விழா நாளில் மயிலாப்பூர் மாட வீதிப் பந்தல்களில் வழங்கப்படும் நீர்மோர் இந்நோயாளிகளுக்கு நல்ல பானம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளவும். காபியை நிறுத்த வேண்டியதில்லை. சர்க்கரையை மட்டும் குறைக்கவும்.

சென்னை வெயிலில் வியர்வையால் நீர் இழப்பு மிகுதி. நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் நீர் அருந்தவும். இதயச் செயலிழப்போ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவர் வகுத்த அளவை மீறக் கூடாது. நீரும் அருந்தாமல் ஏகாதசி விரதம் இருப்பது கௌட் வலியைத் தூண்டக்கூடும்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் மெல்லக் குறைக்கவும். பட்டினி கிடந்து விரைவாகக் குறைத்தால் யூரிக் அமிலம் உயரும். வலியற்ற நாள்களில் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ அரை மணி நேரம் நடக்கலாம். வலி உள்ள நாளில் மூட்டுக்கு ஓய்வே தேவை. துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் இதம் தரும். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

உணவு மட்டும் போதுமா?

கண்டிப்பான உணவுக் கட்டுப்பாடும் யூரிக் அமிலத்தைப் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவே குறைக்கிறது. அளவு 9 அல்லது 10 ஆக உள்ளவருக்கு இது போதாது. அடிக்கடி வலி வருவோர், மூட்டைச் சுற்றிக் கட்டிகள் தோன்றியோர், எக்ஸ்ரேயில் மூட்டுச் சேதம் உள்ளோர் ஆகியோருக்கு அலோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட் தேவைப்படுகிறது. குறைந்த அளவில் தொடங்கி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே இறங்கும் வரை படிப்படியாக உயர்த்துவோம். அதே நிலையில் நீடித்தால் பழைய படிகங்கள் மெல்லக் கரையும்.

இங்கே ஒன்றைக் குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டும். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி மீண்டும் வரக்கூடும். படிகங்கள் கரையத் தொடங்கியதால் நேர்வது அது. மருந்து பலிக்கவில்லை என்று பொருளன்று. மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் அலோபியூரினால் உண்போருக்குத் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் தோன்றினால் மருந்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வரவும்.

வலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி உண்பது பெரும் ஆபத்து. இந்நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. அவர்களின் சிறுநீரகத்தை அம்மாத்திரைகள் ஓசையின்றிச் சேதப்படுத்தும். சில நீர் மாத்திரைகளும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை உயர்த்தலாம். எனினும் இதயத்துக்காகத் தரப்பட்ட ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது.

செங்காந்தள் தரும் மருந்தும் எச்சரிக்கையும்

கௌட் வலியைத் தணிக்கும் கால்சிசின் என்னும் மருந்து, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் உள்ளது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதிகளில் இதன் விதைகளுக்காகவே கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். அதன் கிழங்கும் விதையும் உயிரைப் பறிக்கும் நஞ்சு. வீட்டு மருந்தாக ஒருபோதும் உட்கொள்ள வேண்டாம். மாத்திரையாயினும் மருத்துவர் எழுதிய அளவைத் தாண்டக் கூடாது.

உடனே வர வேண்டியது எப்போது?

காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கத்துடன் மூட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்கு வரவும். சிறுநீர் குறைந்தாலும், சிறுநீரில் இரத்தம் வந்தாலும், விலாவில் கடும் வலி தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, உண்டு வரும் எல்லா மாத்திரைகளையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் கொண்டு வாருங்கள். கௌட் முறையாகக் கட்டுப்படுத்தக்கூடிய நோய். சாம்பார் உங்கள் இலையிலேயே இருக்கட்டும். மாத்திரையையும் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.