கன்வேயர் பெல்ட்டும் கணினி வகுப்பும்

கேள்வி: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணினிப் பாடம் நடத்துகிறேன். இவ்வாண்டு வடிவமைப்புத் தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கற்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர்களோ, “பைத்தான் எப்போது ஆரம்பிப்பீர்கள்?” என்றே கேட்கிறார்கள். பள்ளியில் இருப்பவை சில பழைய கணினிகள்தாம். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

— ஓர் ஆசிரியை, நெய்வேலி நகரியம்

பதில்: சகோதரி, பெற்றோர்களின் அவசரம் பிள்ளைகளிடத்துள்ள பிரியத்தால் விளைந்தது; ஆகையால் அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், நமது மாநிலப் பாடத்திட்டத்தில் பைத்தான் நிரல்மொழி பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகிறதென்பதையும், கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே இருக்கிறதென்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு காரியத்தை எந்தக் கிரமத்தில் செய்தால் பழுதின்றி முடியும், நடுவே தடை நேர்ந்தால் எதை நிறுத்துவது என்று யோசிக்கும் அப்பியாசமே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிரதானமாக வேண்டியது.

அந்த அப்பியாசத்துக்கு நெய்வேலியைப் போல் வாய்த்த ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1962-இல் மின் உற்பத்தி தொடங்கிய அவ்வூரில், வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியைச் சுரங்கத்திலிருந்து சுமந்து வருபவை, ஒன்றன் முனையில் மற்றொன்று தொடங்குமாறு அமைந்த கன்வேயர் பெல்ட்டுகள். மூன்று பெல்ட்டுகள் தொடராக இருப்பதாகக் கொண்டால், எதை முதலில் ஓட்டுவது? கரியை ஏற்றும் பெல்ட்டை என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அவ்வாறு செய்தால், நின்றுகொண்டிருக்கும் அடுத்த பெல்ட்டின் தலையில் கரி மலையாகக் குவிந்துவிடும். ஆதலால் கரி போய்ச் சேரும் கடைசிப் பெல்ட்டை முதலிலும், ஏற்றும் பெல்ட்டைக் கடைசியிலும் ஓட்ட வேண்டும். நிறுத்தும்போதோ கிரமம் தலைகீழ். நடுப்பெல்ட் திடீரென்று நின்றால், அதற்குக் கரி ஊட்டும் பெல்ட் தானாகவே நின்றாக வேண்டும். அதனிடமிருந்து கரி வாங்கும் பெல்ட் ஓடி வெறுமையாகலாம். நிரல் எழுதும் வித்தையின் இரு தூண்களான வரிசையும் நிபந்தனையும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. விடையை மட்டும் தாங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்; குவியலைப் பிள்ளைகளே கண்ணால் காணட்டும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி ஒட்டினால் பெல்ட், நூல்கண்டுகள் உருளைகள், மூன்று பிள்ளைகளின் கைகளே மோட்டார்கள். நான்காவது பிள்ளை கட்டளைகளைத் தமிழில் காகிதத் துண்டுகளில் எழுதித் தர, மற்றவர்கள் எழுதியதை மட்டும், சொந்த யோசனை எதையும் கலவாமல், நிறைவேற்ற வேண்டும். கரிக்குப் பதிலாக மணலை இட்டால், தட்டையான பெல்ட்டிலிருந்து அது இருபுறமும் சிந்துவதை அவர்கள் காண்பார்கள். ஏன் சிந்துகிறது, பக்க உருளைகளைச் சாய்த்துப் பெல்ட்டைத் தொட்டி போல் வளைத்தால் என்ன ஆகும் என்று வரைந்தும் செய்தும் பார்க்கும் அந்த நாழிகையில் வடிவமைப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. அதே பெல்ட்டுகளைப் பின்பு ஸ்கிராட்சில் ஓடவிடுங்கள்; ஒரு கணினிக்கு நான்கு பேர் அமர்ந்தாலும் போதும், யோசனை முன்பே முடிந்திருக்குமல்லவா?

கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைக்க வேண்டுமென்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் எடுத்துரைத்த ஆதாரக் கல்வியும், 1967-இல் சீமோர் பேப்பர்ட் முதலியோர் குழந்தைகளுக்கென உருவாக்கிய லோகோ மொழியும் கையால் செய்து பார்த்தே பிள்ளை கற்கிறது என்ற ஒரே நம்பிக்கையின்மீது எழுந்தவை என்றே நான் கருதுகிறேன். ஆதாரக் கல்வியை நம் பள்ளிகள் கைநழுவவிட்டது பெரிய நஷ்டம்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கணினி என்றால் என்ன?’ என்ற வினாவுக்கு மனப்பாடமாக எழுதிய விடைக்கு அதைக் கொடுக்காமல், முதலில் வரைந்த படம், அது தோற்ற விதம், பிறகு செய்த திருத்தம் ஆகிய மூன்றும் அடங்கிய குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். மேலும், கன்வேயர் பிரிவில் ஷிப்டு பார்க்கும் பெற்றோர் ஒருவர் தங்கள் வகுப்பிலேயே நிச்சயம் இருப்பார். இந்தப் பருவம் முடிவதற்குள் அவரை அழைத்து, பிள்ளைகள் செய்த பெல்ட்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.